பழைய குழியில் எவ்வளவு மிச்சம்?

2020 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் மூவாயிரம் டன்னுக்கும் அதிகமான தங்கம் கிடப்பதாக ஒரு செய்தி கிளம்பியது. ரிசர்வ் வங்கியின் கையிருப்பைப்போல் ஐந்து மடங்கு என்று ஊடகங்கள் கணக்குப் போட்டன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை உடனே மறுத்தது. அது அங்கே மதிப்பிட்டிருந்தது 52,806 டன் தாது, டன்னுக்கு 3.03 கிராம் தங்கம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 160 கிலோ. தாதுவின் எடையும் தங்கத்தின் எடையும் வேறு என்பது சுரங்கத் தொழிலின் அரிச்சுவடி. அதில் தடுமாறியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதைவிட நுட்பமான ஒரு தடுமாற்றம் பழைய சுரங்கங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நடக்கிறது. அதைச் செய்பவர்களில் விவரம் தெரிந்தவர்களும் உண்டு. மூடப்பட்ட சுரங்கத்தில் ‘இன்னும் இத்தனை டன் மிச்சம்’ என்கிறோம், பானையின் அடியில் அரிசி மிச்சம் என்பதுபோல. பாறைக்குள் இருக்கும் தங்கத்துக்கு அப்படியொரு நிலையான அளவு கிடையாது. விலை, செலவு, ஆழம், பாறையின் குணம், போட்ட துளைகளின் எண்ணிக்கை ஆகிய அத்தனையும் சேர்ந்து உண்டாக்கும் ஓர் எண் அது. நேற்று பூஜ்யமாக இருந்தது நாளை இருபது டன் ஆகலாம். மறுநாள் திரும்பவும் பூஜ்யமாகலாம்.

அப்படியானால் பழைய சுரங்கத்தைப் பற்றி நம்பிக்கையோடு ஏதும் சொல்லவே முடியாதா? முடியும். ஆனால் அதற்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு இருக்கிறது என்பதல்ல. வெட்டியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பது. தண்ணீர் ஊறி மேலே வந்ததால் நிறுத்தியிருக்கலாம். அப்படியென்றால் கீழே தாது தொடர வாய்ப்பு உண்டு. தாது நரம்பே மெலிந்து மறைந்ததால் நிறுத்தியிருந்தால் எந்த விலையிலும் அது உயிர் பெறாது. செலவு கட்டாமல் நிறுத்தியிருந்தால் மட்டுமே இன்றைய விலை ஏற்றத்துக்கு அங்கே பொருள் உண்டு. நிறுத்தியதன் காரணம் தெரியாமல் சொல்லப்படும் எந்த இருப்புக் கணக்கையும் நம்பக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தென்னிந்தியாவின் தங்க வரலாறு இதற்கு வேண்டிய சான்றுகளைத் தாராளமாகவே தருகிறது. ஒரே வகையான தடயத்தை நம்பி இறங்கியவர்களில் சிலர் கோடீசுவரர்கள் ஆனார்கள். சிலர் போட்ட முதலைக் காட்டில் புதைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தடயம், பழங்காலத்தார் தோண்டிய குழி. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1880களில் தார்வார் பாறைத் தொகுதியை வரைபடமாக்கியபோது, தங்கம் தாங்கும் பாறை எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் பழைய குழிகள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்தார். ஹைதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியில் லியோனார்டு மன் அத்தகைய குழிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். தொல்லியலாளர் எஃப். ஆர். ஆல்சின் 1962-ல் வெளியிட்ட ஆய்வில் பண்டை இந்தியத் தங்கச் சுரங்கங்களின் காலத்தையும் தொழில்நுட்பத்தையும் தொகுத்துக் காட்டினார். ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் பழைய வேலை 640 அடி ஆழம்வரை போயிருக்கிறது. உள்ளே கிடந்த மரத்துண்டுகளின் கரிமக் கணிப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோகிறது. வெடிமருந்து இல்லாத காலம் அது. பாறை முகத்தில் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். கல் காய்ந்து சிவந்ததும் தண்ணீரை வீசுவார்கள். திடீரென்று குளிர்ந்த கல் விரிசல் விடும். விரிசலில் ஆப்பு இறக்கிப் பெயர்த்தெடுப்பார்கள். பெயர்த்த கல்லைப் பாறையில் குடைந்த உரல்களில் இடித்து, மாவாக அரைத்து, தண்ணீரில் அரித்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். 640 அடி ஆழத்தில் விறகு எரித்தால் புகை எந்த வழியாக வெளியேறியது, அங்கே இருந்தவர்கள் எப்படி மூச்சு விட்டார்கள் என்று யோசித்தால், அந்தக் குழியை வெட்டியவர்கள் எந்த நிலையில் இருந்த மனிதர்களாக இருப்பார்கள் என்பதும் புரியும். இடையில் ஒரு தகவல்: அசோகரின் பெயரையே சொல்லும் மஸ்கிக் கல்வெட்டை 1915-ல் கண்டெடுத்தவர் பீடன் என்ற தங்கச் சுரங்கப் பொறியாளர். ஹட்டிக்கு அருகே தங்கம் தேடிப் போனவருக்குக் கிடைத்தது வரலாறு.

ஹட்டியில் பண்டைய மக்களை நிறுத்தியது தண்ணீரும் காற்றின்மையும்; தாது தீரவில்லை. அதற்கான சான்று அடுத்து நடந்தவற்றில் இருக்கிறது. 1887-ல் ஹைதராபாத் தக்காண நிறுவனம் அங்கே உரிமை பெற்றது. 1920-ல் வேலை நின்றது. 1947-ல் மீண்டும் தொடங்கியது. இன்று கர்நாடக அரசின் ஹட்டி தங்கச் சுரங்க நிறுவனம் 900 மீட்டருக்கும் கீழே தாது எடுக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் கிடைக்கும் ஒன்றரை டன் சொச்சம் தங்கத்தில் மிகப் பெரும் பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

கோலார் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1802-ல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இந்தப் பக்கம் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, கொண்டுவந்து காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் ஊரார் மண்ணோடு வந்து அவர் கண்முன்னே அரித்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் சில பத்தடி ஆழமே இருந்த குழிகளிலிருந்து ஆண்கள் கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கி மரவையில் அரிப்பதையும் வாரன் எழுதி வைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் அந்தக் குறிப்பைப் படித்தார். 1875-ல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அவரிடம் பணம் இல்லை, உரிமம் கைமாறியது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880-ல் பொறுப்பேற்ற பிறகும் நம்பிக்கை தரும் பலன் ஏதும் வரவில்லை. அது நிர்வகித்த மைசூர் சுரங்க நிறுவனத்தின் முதல் ஏறக்குறையக் கரைந்துவிட்டிருந்த வேளையில் பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் புதிய இடம் தேடுவதை விட்டு, பண்டையவர்களின் குழியையே பின்தொடர்ந்து அதன் அடிக்குக் கீழே இறங்கினார். சாம்பியன் ரீஃப் என்ற தாது நரம்பு அங்கே காத்திருந்தது. பழைய வேலை சில நூறு அடியில் நின்றது. அதே நரம்பைப் பிடித்துக்கொண்டு புதிய வேலை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஒன்றேகால் நூற்றாண்டில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே வந்தது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால், பழைய குழி கண்ட இடத்தில் புதையல் உண்டு என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். 1880-ல் லண்டன் பங்குச் சந்தை அப்படித்தான் வந்தது. நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதி அப்போது தென்கிழக்கு வயநாடு. குறும்பர் அங்கே காலங்காலமாக அரித்தும் குடைந்தும் தங்கம் எடுத்துவந்தார்கள். மலைச்சரிவெல்லாம் பழைய குழிகள். 1870களின் நடுவில் ஆல்ஃபா நிறுவனம் தொடங்கி வைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பெயரெடுத்த புரோ ஸ்மித் 1879-ல் வரவழைக்கப்பட்டு, அடுத்த ஆண்டே நம்பிக்கை ததும்பும் அறிக்கை கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் இந்தியத் தங்கத்தின் பெயரால் லண்டனில் நாற்பது நிறுவனங்கள் போலத் தோன்றின, அவற்றின் பெயரளவு முதல் சுமார் ஐம்பது லட்சம் பவுன், பெரும்பகுதி வயநாட்டுக்கு. காட்டின் நடுவே பந்தலூர் திடீர் நகரமாயிற்று: தபால் நிலையம், ஓட்டல், குதிரைப் பந்தயம். பாறையை நொறுக்கும் ஆலைகள் ஓடத் தொடங்கியதும் உண்மை தெரிந்தது. அறிக்கையில் கண்ட அளவு எதிலும் வரவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் அநேகமாக எல்லாம் கலைந்துவிட்டன. எஞ்சிய தோட்டங்களில் காப்பியும் தேயிலையும் வளர்ந்தன. 1901-ல் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹாட்சும் எழுதிய அறிக்கை, இலாபம் தரும் அளவுக்கு அங்கே தாது இல்லை என்று கதவைச் சாத்தியது.

கோலாரிலும் வயநாட்டிலும் சான்று ஒன்றே: மண்ணில் தங்கம் அரித்த மக்கள், பாறையில் பழைய குழிகள், பளபளக்கும் சில மாதிரிகள். பலன் மட்டும் நேர் எதிர். இரண்டு இடங்களிலும் பழையவர்கள் நிறுத்தியதன் காரணம் வேறுவேறு என்பதே வேற்றுமை. வயநாட்டில் மழையும் வெயிலும் பல லட்சம் ஆண்டுகள் மேல்பாறையை மக்க வைத்திருந்தன. தங்கத்தைப் பூட்டி வைத்திருந்த கந்தகத் தாது அழுகிக் கரைந்துபோக, தங்கம் மட்டும் தனித்து, மென்மையான மண்ணில் செறிந்து நின்றது. அதை எடுக்க மரவையும் கையும் போதும். மக்கிய பகுதி முடிந்ததும் அடியில் கடினமான குவார்ட்ஸும் அதில் பூட்டிய கொஞ்சநஞ்சத் தங்கமும். குறும்பர்களைத் தண்ணீர் தடுத்ததென்று லண்டன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் எடுக்கத் தகுந்ததை எடுத்துவிட்டு நின்றிருந்தார்கள். உள்ளூர்க்காரர் விட்டுச் சென்றதெல்லாம் அவருடைய இயலாமையால்தான் என்று நினைக்கும் பழக்கம் காலனிக்காரர்களோடு போய்விடவில்லை; இன்றைய நிறுவனக் குறிப்பேடுகளிலும் அது தென்படுகிறது.

நிலவியலும் துணைக்கு வர வேண்டும். உலகின் பழைய தங்கச் சுரங்கங்கள் பலவும் பசும்பாறைப் பட்டைகள் எனப்படும் தொன்மையான எரிமலைப் பாறைகளில் அமைந்தவை. கோலார்ப் பட்டை வடக்கு தெற்காக எண்பது கிலோமீட்டர் நீளம், மூன்று நான்கு கிலோமீட்டரே அகலம். அதன் தென்முனை ஆந்திரத்தின் பிசாநத்தம், சிகர்குண்டா வழியாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மகாராஜகடைப் பக்கம் வந்து தேய்கிறது. தமிழ்நாட்டின் எஞ்சிய பெரும்பகுதி புவியோட்டின் ஆழத்தில் வெந்து மேலே வந்த நைஸ், சார்னோகைட் வகைப் பாறை. திருச்சி மாவட்டத்தின் தென்மேற்கில் மருங்காபுரி, மணப்பாறை வட்டாரத்துக் கல்குவாரிகள் வெட்டுவது இந்த வகைக் கல்லைத்தான். கைவிட்ட குவாரி எப்படி இருக்கும் என்பது அந்த வட்டாரத்து வாசகருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: செங்குத்துச் சுவர், அடியில் மழைத் தண்ணீர், ஓரத்தில் விற்காத கல். அங்கே வெட்டுவதை நிறுத்தினால் காரணம் குத்தகை முடிந்ததோ, ஆழம் கூடியதோ. கல் தீர்ந்து நிறுத்துவது அரிது, ஏனென்றால் கல்தான் சரக்கு, நான்கு பக்கமும் கல்தான். தங்கக் குழியில் டன்னுக்கு இரண்டு மூன்று கிராமைத் தேடி மற்ற எல்லாவற்றையும் கழிவென்று கொட்டுகிறார்கள். குவாரி முதலாளியின் ‘மிச்சம்’ கண்ணால் பார்க்கக் கூடியது. தங்கச் சுரங்கக்காரரின் மிச்சத்தை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிறுத்தும் காரணம் பெரும்பாலும் வடிவ கணிதம். ஐந்து மீட்டர் அகலத்தில் செங்குத்தாக இறங்கும் ஒரு தாது நரம்பை எடுத்துக்கொள்வோம். சுவர் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் 45 பாகையில் சாய்த்து வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் ஆழம் போனால் குறுக்குவெட்டில் 2,750 சதுர மீட்டர் பாறையை எடுக்கிறோம். அதில் தாது 250. ஒரு பங்கு தாதுவுக்குப் பத்துப் பங்கு கழிவு. 100 மீட்டருக்குப் போனால் 10,500 எடுக்க வேண்டும். தாது 500 மட்டுமே. விகிதம் ஒன்றுக்கு இருபது. தாதுவின் தரம் மாறவேயில்லை, செலவு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. ஆகவே ஒரு திறந்தவெளிக் குழி நின்ற இடத்தில் தாதுவும் நின்றுவிட்டது என்று பொருளில்லை. ஹட்டி நிறுவனத்தின் கீழுள்ள ஊட்டி (நீலகிரி ஊட்டி அல்ல, ராய்ச்சூர் மாவட்டத்தது) திறந்தவெளியாகத் தொடங்கிப் பிறகு நிலத்தடி வேலைக்கு மாறியதன் தர்க்கம் இதுதான். பழைய திறந்தவெளிக் குழிகளில் மிச்சம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் குழியின் தரைக்கு நேர் கீழே.

இதற்கு எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1893-ல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு, நூறாண்டு காலம் பல கம்பெனிகள் தனித்தனி நிலத்தடிச் சுரங்கங்களில் செழித்த நரம்புகளை மட்டும் உறிஞ்சின. நரம்புகளுக்கு இடையே நின்ற ஏழைப் பாறையை யாரும் தொடவில்லை. 1989-ல் உரிமைகளை ஒன்றாக இணைத்து, பழைய சுரங்கங்கள் அத்தனையையும் விழுங்கும் ஒரே திறந்தவெளிக் குழியாக வெட்டத் தொடங்கினார்கள். மூன்றரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், அறுநூறு மீட்டருக்கும் அதிக ஆழம் என்று வளர்ந்த ‘சூப்பர் பிட்’ அப்படிப் பிறந்தது. நியூசிலாந்தின் வைஹியில் 1952-ல் மூடிய மார்த்தா சுரங்கம் 1988-ல் திறந்தவெளியாக உயிர் பெற்றதும் இதே வழியில்தான். ஆனால் பழைய சுரங்கத்தின் மேல் புதிய குழி வெட்டுவதற்கு ஒரு விலை உண்டு. வரைபடத்தில் இல்லாத பழைய சந்துகள் லாரி ஓடும் தரைக்கு அடியில் வாய் பிளந்து கிடக்கும். 2018 மே மாதத்தில் சூப்பர் பிட்டின் கிழக்குச் சுவரும், 2016-ல் மார்த்தாவின் வடக்குச் சுவரும் சரிந்து வேலையைக் குலைத்தன.

மிச்சத்தை அளப்பது எப்படி என்பதில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏமாற்றுதலும் ஏமாறுதலும் நடப்பது இங்கேதான். வைரப்பல் துரப்பணத்தால் ஆழ்துளை போட்டு, உருளை உருளையாகக் கல் மாதிரி எடுக்கிறார்கள். அதை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, மறு பாதியைப் பொடித்து உலையிலிட்டுத் தங்கத்தைப் பிரித்து எடை போடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் தங்கம் பாறையில் சர்க்கரை கரைந்ததுபோல் பரவி இருப்பதில்லை. மணி மணியாக, திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே உருளையின் இரு பாதிகள் வெவ்வேறு எண் சொல்லும். ஒரு பாதியில் தற்செயலாக ஒரு மணி சிக்கினால் டன்னுக்கு ஐம்பது கிராம். மறு பாதியில் அரை கிராம். 1951-ல் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டேனி கிரீக், அங்கத்திய சுரங்கங்களில் இப்படி எகிறும் மாதிரிகளை அப்படியே நம்பினால் இருப்பு ஊதிப் பெருக்கப்படும் என்று காட்டி, அண்டை மாதிரிகளின் எடையோடு சேர்த்து மட்டுப்படுத்தும் முறையை முன்வைத்தார். ஜார்ஜ் மாதெரோன் அதைக் கணிதமாக வளர்த்தார். கிரீக்கின் பெயராலேயே அது ‘கிரீகிங்’ என்று உலகம் முழுவதும் வழங்குகிறது. புரோ ஸ்மித்துக்கு இந்தக் கருவி இல்லை. ஆனால் கருவி இருந்தும் 1990களில் இந்தோனேசியாவின் புசாங்கில் பிரீ-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம் உலகையே ஏமாற்றியது. அரைத்த மாதிரியில் வெளித்தங்கத்தைத் தூவியிருந்தார்கள். மாதிரியின் மறு பாதியைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அங்கே பின்பற்றவில்லை. இந்தியாவில் தேடலை ஜி4 முதல் ஜி1 வரை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். ஜி4 என்பது உளவு, ஜி1 என்பது விரிவான அளவீடு. செய்தித்தாளில் வரும் டன் கணக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது சொல்லப்பட்டிருக்காது.

விலையைச் சொல்லி இந்த வாதத்தை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் மறுப்பு வலுவானதுதான். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் கோலாரை மூடியபோது ஓர் அவுன்ஸ் தங்கம் 270 டாலரை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் அது 4,000 டாலரைத் தாண்டியது. பதினைந்து மடங்கை நெருங்கிவிட்ட பிறகு ஏன் நிறுத்தினார்கள் என்று பழங்கதை பேசிக்கொண்டிருப்பானேன், அன்று கட்டாதது இன்று கட்டாதா? செலவுக்காக நின்ற பகுதிக்கு இந்த மறுப்பு முழுக்கப் பொருந்தும். ஆனால் கோலார் செலவு என்ற ஒற்றைக் காரணத்துக்காக நிற்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கும் மேல் கொடுத்த தாது, கடைசியில் மூன்று கிராமை ஒட்டி இறங்கிவிட்டது. ஆழத்தில் பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். வெட்டிய வெற்றிடங்களைச் சுற்றி அழுத்தம் கூடி, பாறை குண்டு போல வெடித்துத் தொழிலாளர்களைப் பலி வாங்கிக்கொண்டே இருந்தது. மூடியபின் பம்புகள் நின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சந்துகளில் தண்ணீர் ஏறியது. அந்தத் தண்ணீரை இறைத்து, ஊறிப்போன கம்பங்களையும் சுவர்களையும் சீர் செய்து, திரும்பவும் மூன்று கிலோமீட்டர் இறங்க வேண்டுமென்றால், பதினைந்து மடங்கு விலையும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. கீழே தாது இல்லை என்று சொல்லவில்லை. அடிமட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறதென்று சொல்வதை மறுக்க எனக்குக் காரணமில்லை. அது சொத்தாக எண்ணத் தகுந்த தங்கம் அல்ல, அவ்வளவுதான். மேற்கே ஓடும் கந்தகத் தாது நரம்புகளின் நிலை வேறு. சாம்பியன் ரீஃபின் செழுமைக்கு முன்னால் அவை கண்டுகொள்ளப்படாதவை. அவற்றின் மேல்மட்டங்களைத் திறந்தவெளியாக எடுக்க முடியுமா என்பது துளை போட்டுப் பார்த்து விடை காண வேண்டிய, நியாயமான கேள்வி.

கோலாரில் ஐயத்துக்கு மிகக் குறைவாக இடம் தரும் மிச்சம் வெளியிலேயே கிடக்கிறது. ஊரைச் சுற்றி நிற்கும் பதின்மூன்று கழிவு மேடுகள், ‘சயனைடு மேடு’ என்று ஊரார் சொல்பவை. சுமார் 3.3 கோடி டன். டன்னுக்கு ஏறத்தாழ 0.7 கிராம், பெருக்கினால் 23 டன். பாறையை உடைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம், வெளிச்சம் இல்லாத ஆழத்தில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். அந்தச் செலவையெல்லாம் தாத்தாக்கள் கொடுத்துவிட்டார்கள். ஆயிரம் ஏக்கர் சொச்சத்தில் நிற்கும் இந்த மேடுகளை மறுபடி அலச 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். 23 டன் என்பது மேட்டில் இருப்பது. கையில் வருவது அதைவிடக் குறையும். ஒரு முறை சயனைடில் ஊறியும் வெளிவராத தங்கம்தான் அதில் எஞ்சியிருக்கிறது, கந்தகத் தாதுவின் சிறையில் கிடப்பது அதில் கணிசம். சுற்றுச்சூழல் பற்றி எழுப்பப்படும் அச்சமும் வெற்று அச்சமல்ல. காற்றுக் காலத்தில் மேட்டின் தூசி வீட்டுக்குள் வருகிறது என்று அங்கே வாழ்பவர்கள் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மறுபடி கிளறினால் தூசி இன்னும் கூடும் என்பார்கள். கிளறாமல் விட்டாலும் அது நின்றுவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அலசிய மண்ணை அடியில் காப்புத் தாள் விரித்த புதிய தொட்டிகளில் சேர்த்து, மேலே மண் மூடிப் பயிர் வளர்க்கும் கடப்பாடு ஒப்பந்தத்தில் இருந்தால் தங்கத்தோடு நூற்றாண்டுக் குப்பையும் தீரும். அந்தக் கடப்பாடு இல்லையென்றால் இந்தத் திட்டத்தை எதிர்ப்பதே சரி.

ஆண்டுக்கு எழுநூறு, எண்ணூறு டன் தங்கம் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு எங்கே எவ்வளவு கிடைத்தாலும் லாபம்தானே என்ற தேசியக் கணக்கும் சொல்லப்படுகிறது. கோலார் மேடுகள் முழுவதையும் ஒரு துகள் சிந்தாமல் எடுத்தாலும் அது பதினோரு, பன்னிரண்டு நாள் இறக்குமதிக்கு ஈடாகும். அந்நியச் செலாவணியைக் காட்டிச் சுரங்கத்தை நியாயப்படுத்துவது கணக்கில் நிற்காது. நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. சுரங்கம் மூடியபின் விடிவதற்கு முன்பே ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய், இரவில் திரும்பும் ஓர் ஊர் கோலாரின் மேடுகளுக்கு நடுவே இருக்கிறது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டு, நூறாண்டு அந்த ஆழத்தில் உழைத்த, பெரும்பாலும் தலித் மக்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். மிச்சத்தில் முதல் பங்கு வேலையாகவும் வீட்டு மனையாகவும் அவர்களுக்குச் சேர வேண்டும். தேவாலாவிலும் இந்தக் கேள்வி வேறு உருவில் நிற்கிறது. ஹேடனும் ஹாட்சும் இலாபமில்லை என்று எழுதிய அந்த நரம்புகளில் இன்றும் ஏழைகள் திருட்டுத்தனமாகக் குடைகிறார்கள், மண் சரிந்து சாகிறார்கள், பாதரசம் காய்ச்சி நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நாளுக்கு அரை கிராம் ஒரு கம்பெனிக்கு ஒன்றுமில்லை. வேலையில்லாத குடும்பத்துக்கு அது வாழ்வு. எது எடுக்கத் தகுந்த தாது என்பதை எடுப்பவரின் வறுமையும் தீர்மானிக்கிறது. எந்தப் பாடநூல் சூத்திரத்திலும் அந்த மாறிக்கு இடமில்லை.

பழைய சுரங்கம் ஏன் நின்றது என்ற கேள்விக்கு விடை பாறையில் பாதி, காகிதத்தில் பாதி. மட்டம் மட்டமாக வரைந்த படங்கள், மாதிரிப் பதிவேடுகள், எந்த முகத்தில் எந்தத் தேதியில் எதற்காக வேலை நின்றது என்ற குறிப்புகள், இவை ஒரு புதிய துளைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே அதைவிட அதிகம் சொல்லும். தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் என்ற பொது இணையதளத்தை மத்திய அரசு 2023 டிசம்பரில் தொடங்கியது. கோலார், பிசாநத்தம், சிகர்குண்டா, ராமகிரி சுரங்கங்களின் பழைய பதிவேடுகள் ஒன்றுவிடாமல் அதில் ஏற்றப்பட வேண்டும். ஏலம் விடுவதற்கு முன்பே ஏற்றப்பட வேண்டும். அவை எல்லோர் கண்ணுக்கும் படும்வரை, மூடிய சுரங்கத்தில் இத்தனை டன் மிச்சம் என்று யார் சொன்னாலும், எத்தனை துளை போட்டீர்கள், பழையவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு அந்த எண்ணைப் பாருங்கள்.